கூடவே இரண்டு வரி எழுதுங்கள்

வினோதமான இசையைத் தேடிப் பிடித்து மற்றவர்களுக்கு அனுப்பும் தோழர்களுக்கு,

வணக்கம்.

நானும் உங்களில் ஒருவன்தான். எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு பாட்டிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று போய், கடைசியில் இதுவரை கேட்டதேயில்லை என்று சொல்லும்படி ஒன்று கிடைக்கும்போது, அதை உடனே யாருக்காவது அனுப்பினால்தான் தூக்கம் வரும். அந்தப் பரபரப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அவசரத்தில் நாம் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்றைப் பற்றித்தான் இந்த மடல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நண்பரிடமிருந்து ஒரு பாட்டு வந்தது. கூடவே ஒரே வரி: "உலகத்துலயே மோசமான பேண்ட். கேட்டுட்டுச் சிரிங்க." பத்துப் பேர் இருந்த குழு அது. இருபது விநாடிக்குள் சிரிப்புப் பொம்மைகள் வந்து குவிந்துவிட்டன. பாட்டு முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட முழுசாகக் கேட்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. நானும் அன்று சிரித்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

அந்தப் பாட்டின் பெயர் 'மை பால் ஃபுட் ஃபுட்'. பாடியவர்கள் டாட், பெட்டி, ஹெலன் விக்கின் என்ற மூன்று சகோதரிகள். குழுவின் பெயர் 'தி ஷாக்ஸ்'. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஃப்ரீமான்ட் என்ற சின்ன ஊர் அவர்களுடையது. அவர்களுடைய பாட்டி கைரேகை பார்ப்பவர். மகனின் கையைப் பார்த்து, உனக்கு இப்படிப்பட்ட மனைவி அமைவாள், நான் போன பிறகு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறப்பார்கள், உன் பெண்கள் இசைக்குழு நடத்திப் பெயர் வாங்குவார்கள் என்று சொல்லியிருந்தார். முதல் இரண்டும் பலித்துவிட்டன. ஆகவே அப்பா ஆஸ்டின் விக்கின் மூன்றாவதையும் நம்பிவிட்டார். பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். கிடாரும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்து, தினமும் பயிற்சி செய்ய வைத்தார். 1969 மார்ச்சில் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போனார். 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்ட்' என்ற இசைத்தட்டு வந்தது. வந்த சுவடு தெரியாமல் போனது. சனிக்கிழமை இரவுகளில் ஊர் மன்றத்தில் வாசித்தார்கள். 1975இல் அப்பா இறந்தார், அதோடு அவர்களும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு அந்தப் பாட்டை மறுபடி போட்டேன். டிரம்ஸ் ஒரு பக்கம் போகிறது, மற்றவர்கள் வேறு பக்கம் போகிறார்கள் என்பதுதான் முதல் தடவை காதில் விழுவது. இரண்டாவது தடவை டிரம்ஸை விட்டுவிட்டு, டாட்டின் குரலையும் கிடாரையும் மட்டும் பிடித்துக்கொண்டேன். குரல் எந்த அசையில் ஏறுகிறதோ அதே அசையில் கிடாரும் ஏறுகிறது. குரல் எங்கே இறங்கினாலும் கிடாரும் கூடவே இறங்குகிறது. வாய்ப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிழல்போலத் தொடரும் வயலின் இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். வரி நீளமாக இருந்தால் தாளமும் நீள்கிறது, வரி குட்டையானால் சுருங்கிக்கொள்கிறது. பேச்சை அளவாக வைத்துக்கொண்டு பாட்டைக் கட்டியிருக்கிறாள் அந்தப் பெண். ஏனோதானோ என்று வாசித்தால் குரலும் கிடாரும் இவ்வளவு ஒட்டிப் போக முடியாது. பாட்டில் சொல்வதும் பெரிய விஷயமில்லை, ஊர் சுற்றப் போய்விட்ட பூனையைத் தேடுகிறாள். பூனையைத் தேடும் பிள்ளையின் குரலில் இருக்கும் கவலை அந்தக் குரலில் அப்படியே இருக்கிறது.

பிறகு என்.ஆர்.பி.க்யூ என்ற ராக் குழுவினருக்கு அந்த இசைத்தட்டு பிடித்துப்போய், அவர்கள் எடுத்த முயற்சியில் 1980இல் அது மறுபடி வெளிவந்தது. இன்று நாம் அதைக் கேட்பதே அதனால்தான்.

எல்லோருக்கும் அது பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் "மோசமான பேண்ட்" என்று சொல்லி அனுப்பும்போது, பாட்டு காதுக்குப் போகுமுன் தீர்ப்பு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்கப்புறம் கேட்கிறவர் பாட்டைக் கேட்பதில்லை, அதில் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நான் கேட்பது இதைத்தான். பாட்டை அனுப்பும்போது கூடவே இரண்டு வரி எழுதுங்கள். ஒரு வரி, இதை யார், எங்கே, எப்போது செய்தார்கள் என்பது. இன்னொரு வரி, கேட்கும்போது உங்களுக்கு என்ன நடந்தது, எந்த இடத்தில் நடந்தது என்பது. "செம", "வேற லெவல்", "மண்டை குழம்பிடும்" என்பவை வரிகளில் சேராது. அவை எந்தப் பாட்டுக்கும் பொருந்துபவை, ஆகவே எந்தப் பாட்டைப் பற்றியும் எதுவும் சொல்லாதவை.

முதல் வரி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பாட்டின் கதையே போதும். 1980களின் நடுவில் ஜெர்மனியில் ஒரு இளைஞர் வானொலியில் வரும் பாட்டுகளை கேசட்டில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தார். பாட்டு மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அறிவிப்பாளர் பேசுவதைப் பதிவு செய்யாமல் விட்டுவிடுவார். அப்படிப் பிடித்த பாட்டுகளில் ஒன்று யாருடையது என்று பிற்பாடு தெரியவில்லை. 2007இல் அவருடைய சகோதரி அதன் ஒரு பகுதியை இணையத்தில் போட்டு, யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஆயிரக்கணக்கானவர்கள் கேட்டார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை. வானொலியின் பழைய பட்டியல்களைப் புரட்டினார்கள். பாட்டில் வரும் சிந்தசைசர் என்ற மின்னணுக் கருவி எந்த மாடல், எந்த வருஷம் சந்தைக்கு வந்தது என்பதை வைத்துக் காலத்தைக் கணித்தார்கள். பாடுகிறவரின் உச்சரிப்பை வைத்து எந்த நாட்டுக்காரர் என்று வாதாடினார்கள். கடைசியில் 2024 நவம்பரில்தான் விடை கிடைத்தது. ஜெர்மனியின் கீல் நகரைச் சேர்ந்த 'ஃபெக்ஸ்' என்ற குழு, பாட்டின் பெயர் 'சப்வேஸ் ஆஃப் யுவர் மைண்ட்'. நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் பிடித்து வைக்காவிட்டால் தேடுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் நாம் இப்போது பகிரும் விதத்தைப் பாருங்கள். கையில் பெயர் இருக்கிறது, வருஷம் இருக்கிறது, ஆல்பத்தின் அட்டை இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு முப்பது விநாடித் துண்டை மட்டும் வெட்டி அனுப்புகிறோம். அதை வாங்கியவர் இன்னொருவருக்கு அனுப்புகிறார். நாலாவது கைக்குப் போகும்போது அது "அந்த விசில் மாதிரி வருமே, அந்தப் பாட்டு" ஆகிவிடுகிறது. அறிவிப்பாளர் குரலை விட்டுவிட்டுப் பிடித்த கேசட்டைத்தான் நாம் தினமும் தயாரித்துக்கொண்டிருக்கிறோம். செய்தவரின் பெயர் தெரிந்தால்தான் கேட்கிறவர் அவருடைய அடுத்த பாட்டுக்குப் போக முடியும். காசு கொடுத்து வாங்க நினைப்பவருக்கும் அந்தப் பெயர்தான் வேண்டும்.

இரண்டாவது வரிக்கு வருகிறேன். எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

கான்லன் நான்கரோ என்ற இசையமைப்பாளரை எனக்குக் காட்டியவர் என்னைவிட வயதில் மூத்த ஒரு நண்பர். 'ஸ்டடி 21' என்ற துண்டை அனுப்பினார், மூன்று நிமிட அளவுதான் இருக்கும். கூடவே எழுதியிருந்தார்: "கீழ்க் குரலை மட்டும் பிடிச்சுக்கோ. மேல நடக்கிறதைக் கேட்டுப் பயந்துடாத. நடுவுல ரெண்டும் ஒரு இடத்துல கடந்து போகும், அது எங்கன்னு எனக்குச் சொல்லு." அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பு இல்லாமல் கேட்டிருந்தால் பத்து விநாடியில் நிறுத்தியிருப்பேன். மேலே பியானோவின் உச்சச் சுரங்கள் ஆலங்கட்டி மழைபோலக் கொட்டுகின்றன, எந்த மனிதக் கையாலும் அந்த வேகத்தில் வாசிக்க முடியாது. நண்பர் சொன்னபடி அதை விட்டுவிட்டுக் கீழே கவனித்தேன். அங்கே அதே பியானோவின் கீழ்ச் சுரங்களில் இன்னொரு மெட்டு, அதைத்தான் அவர் குரல் என்கிறார், நிதானமாக, ஒவ்வொரு சுரமாக அடியெடுத்து வைக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் ஏறுகிறது. ஏறிக்கொண்டே இருக்கிறது. அதே நேரத்தில் மேலே கொட்டிக்கொண்டிருந்தது மெல்லத் தணிகிறது. ஒரு கட்டத்தில் எது வேகம், எது நிதானம் என்று பிரிக்க முடியாமல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அப்புறம் இடம் மாறிவிட்டது தெரிகிறது. கீழே இப்போது இடிமுழக்கம், மேலே தனித்தனித் துளிகள். நான் மூன்று தடவை கேட்டும் கடந்த இடத்தைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நாலாவது தடவை பிடித்தேன், நண்பருக்கு எழுதினேன். அன்றிலிருந்து நான்கரோ எனக்கு வேண்டியவர் ஆகிவிட்டார்.

இதை வாசிப்பது தானே இயங்கும் பியானோ. காகிதச் சுருளில் துளை எங்கே இருக்கிறதோ அங்கே சுத்தியல் விழும். 1912இல் அமெரிக்காவில் பிறந்த நான்கரோ ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்துக்கு எதிராகப் போய்ச் சண்டையிட்டார். அந்தக் காரணத்தால் சொந்த நாடு பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. 1940இல் மெக்சிகோவுக்குக் குடிபோனார். தன் மனத்தில் இருக்கும் தாளங்களை வாசிக்க ஆள் கிடைக்காமல், சுருளில் கையால் துளையிட்டுத் துளையிட்டு இசையமைத்தார். சில நிமிட இசைக்கு மாதக்கணக்கில் வேலை. பல பத்தாண்டுகள் அப்படியே போயின. வெளியே அவரைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர்தான்.

1980இல் இசையமைப்பாளர் லிகெட்டி பாரிஸில் அவருடைய இசைத்தட்டுகளைத் தற்செயலாக வாங்கிக் கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை. அந்த இசைத்தட்டுகளோடு சம்பந்தப்பட்டிருந்த சார்லஸ் அமிர்க்கானியனுக்கு 1981 ஜனவரியில் கடிதம் எழுதினார். வெபர்ன், ஐவ்ஸ் ஆகிய இசையமைப்பாளர்களுக்குப் பிறகு கிடைத்திருக்கும் மிகப்பெரிய கண்டுபிடிப்பு இது என்றார். புதுமை என்று சொன்னதோடு விடவில்லை, கட்டுக்கோப்பையும் சொன்னார், அதில் இருக்கும் உணர்ச்சியையும் சொன்னார். அப்போது நான்கரோவுக்கு 68 வயது. அடுத்த வருஷம் அமெரிக்காவின் மெக்கார்தர் நிதிநல்கை கிடைத்தது. உலகம் முழுக்க அழைத்தார்கள். எல்லாமே ஒரு கடிதத்தால் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் "வினோதமான பியானோ, கேட்டுப் பாருங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை இன்று யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

நாம் லிகெட்டி இல்லைதான். ஆனால் அந்த மூத்த நண்பர் எழுதியது போல மூன்று வாக்கியம் எழுத இசை இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவருக்கும் தெரியாது. ஒரு இடத்தைக் கைகாட்டினார், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வினோதம் என்று நாம் ஒட்டும் பட்டை சில நேரம் இசையையே மறைத்துவிடுகிறது. சரண்ஜித் சிங் என்றொருவர். பம்பாய்ப் படவுலகில் வாத்தியம் வாசித்துக்கொண்டிருந்தவர். 1982இல் அப்போது புதிதாக வந்திருந்த மின்னணுக் கருவிகளை வைத்து, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு ஆல்பம் போட்டார். அது விற்கவில்லை, மறந்துபோனது. 2010இல் மறுபடி வெளிவந்தபோது எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள். 1987இல் சிகாகோவிலிருந்து வந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையை இவர் ஐந்து வருஷம் முன்னாலேயே செய்துவிட்டாராமே! எனக்கும் அது அப்படித்தான் வந்து சேர்ந்தது. "ஆசிட் ஹவுஸின் தாத்தா" என்று ஒரு வரி. ஒரு தடவை கேட்டேன், ஆமாம், அந்த மாதிரிதான் இருக்கிறது என்று சொல்லி மூடிவைத்தேன். சிகாகோ இசையோடு ஒப்பிட்டு முடித்ததும் வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றியது.

ரொம்ப நாள் கழித்து வேறொருவர் சொன்னார்: "மால்கௌன்ஸ் கேளுங்க, நம்ம ஹிந்தோளம். யமன் கேளுங்க, நம்ம கல்யாணி. கலாவதி நம்ம வலஜி." அதுதான் எனக்குக் கதவைத் திறந்தது. அவர் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று ரோலண்ட் டிபி-303. கிடார் பழகுகிறவர்களுக்குத் துணையாக பேஸ், அதாவது கீழ்ச் சுரங்கள், வாசிப்பதற்காகச் செய்த சின்னப் பெட்டி அது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிப் போகும் வசதி அதில் உண்டு. நம் காது சின்ன வயதிலிருந்தே சுரத்துக்குச் சுரம் இழைவதைக் கேட்டுப் பழகியது. பேஸ் கிடாரின் இடத்தை நிரப்ப வந்த பெட்டி ஒரு ராகத்துக்குள் அப்படி வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்கும்போது, அதைச் செய்தவர் எந்தப் போட்டியிலும் முந்திக்கொள்ள நினைக்கவில்லை என்பது புரிகிறது. அவருக்கு ராகம் தெரியும், கையில் புதுக் கருவி இருந்தது, இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். முதலில் செய்தார் என்பது உண்மை. அதைக் கடைசியில் சொன்னால் போதும்.

ரஷ்யாவின் துவாப் பகுதிக் கூமெய் பாட்டுக்கும் இதேதான் நடக்கிறது. சைபீரியாவின் தென்பகுதியில் இருக்கும் அந்த இடத்தில் ஒருவர் பாடும்போது ஒரே தொண்டையிலிருந்து இரண்டு சுரம் கேட்கும். அதை அனுப்புகிறவர்கள் போடும் தலைப்புகள் எனக்கு வருத்தமாக இருக்கின்றன. "காட்டுவாசிக் குரல்", "பேய்க் குரல்", "தனியாக இருக்கும்போது கேட்காதீர்கள்." அது அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகிப் பாடும் கலை. கூமெய், விசில்போல உச்சத்தில் ஒலிக்கும் சிகித், அடித்தொண்டையில் உறுமும் கார்கிரா என்று அதற்குள் தனித்தனிப் பாணிகள் உண்டு. பயமுறுத்தி அனுப்பினால் கேட்கிறவர் பயப்படத்தான் செய்வார். அதற்குப் பதில் நான் என்ன எழுதுவேன் என்று யோசித்தேன். இப்படி எழுதுவேன்:

"தம்புராவைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? நாலாவது தந்தி, மந்தர ஷட்ஜம். அதை மீட்டிவிட்டுக் காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் தானாக எழுந்து வரும். அந்தத் தந்தியில் காந்தாரம் எப்போதும் ஒளிந்திருக்கிறது. எந்தக் குரலிலும் அப்படிப் பல சுரங்கள் ஒளிந்திருக்கின்றன. துவாப் பாடகர் நாக்கையும் உதட்டையும் வளைத்து, அவற்றில் ஒன்றை மட்டும் தூக்கிவிடுகிறார். முதலில் கீழே ஓடும் சுருதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு காதை மெல்ல மேலே ஏற்றுங்கள்."

இது இரண்டு வரியைவிட நீளம்தான். விஷயம் அப்படி. ஆனால் இதைப் படித்துவிட்டுக் கேட்கிறவர் பேயைத் தேட மாட்டார், காந்தாரத்தைத் தேடுவார். தெரிந்த ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு தெரியாததற்குப் போவதுதான் எல்லோருக்கும் சுலபம். மோர்சிங் கேட்டவரிடம், பீத்தோவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆல்பிரெக்ட்ஸ்பெர்கர் 18ஆம் நூற்றாண்டிலேயே அதே வகை வாத்தியத்துக்கு, தந்தி வாத்தியங்கள் சூழ, கச்சேரி உருப்படிகள் எழுதியிருக்கிறார் என்று சொல்லிப் பாருங்கள். அவரே தேடிப் போய்விடுவார். நீங்கள் தள்ள வேண்டியதில்லை.

அப்புறம், ஒரே நேரத்தில் பத்து அனுப்பாதீர்கள். ஒருமுறை ஒரு தோழிக்குப் பதினான்கு பாட்டு ஒரே ராத்திரியில் அனுப்பினேன். "எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டார். எனக்கே பதில் தெரியவில்லை. ஒன்றுகூடக் கேட்கப்படவில்லை. ஒரு வாரத்துக்கு ஒன்று போதும்.

வாங்குகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கேட்காமல் பதில் போடாதீர்கள். நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை. பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் விட்டுவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். அனுப்பியவருக்கு அது பத்துச் சிரிப்புப் பொம்மையைவிட மேல்.

கானி கான்வர்ஸ் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1950களில் நியூயார்க்கில் கிடாரோடு உட்கார்ந்து தானே எழுதிய பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தவர். அந்தக் காலத்தில் அந்த மாதிரி பாடியவர்கள் மிகக் குறைவு. 1954இல் ஜீன் டைட்ச் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் டேப் ரிக்கார்டரை வைத்து அவரைப் பதிவு செய்தார். இந்த ஜீன் டைட்ச் பிற்பாடு 'டாம் அண்ட் ஜெர்ரி' படங்கள் சிலவற்றை இயக்கியவர். கானிக்கு எந்தக் கம்பெனியும் வாய்ப்பு தரவில்லை. 1974 ஆகஸ்டில், ஐம்பது வயதை ஒட்டி, சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கடிதம் எழுதி வைத்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை.

டைட்ச் அந்த டேப்பை எறியவில்லை. ஐம்பது வருஷம் வைத்திருந்தார். 2004இல் ஒரு நியூயார்க் வானொலி நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனபோது, கானியின் பாட்டு ஒன்றைப் போட்டார். அதைக் கேட்ட ஓர் இளைஞருக்கு அந்தக் குரல் மனத்தை விட்டுப் போகவில்லை. அவரும் அவருடைய நண்பரும் டைட்சைத் தேடிப் பிடித்து, மற்றப் பதிவுகளையும் சேகரித்து, 2009இல் ஆல்பமாக வெளியிட்டார்கள். 'ஹவ் சேட், ஹவ் லவ்லி' என்று பெயர்.

அந்த ஒரு பாட்டை டைட்ச் போட்டபோது எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? சாதாரணமாக ஒரு வானொலி நிகழ்ச்சியை எத்தனை பேர் கேட்பார்களோ அத்தனை பேர். அவர்களில் ஒருவர் போதுமானதாக இருந்தது. நாம் அனுப்பும்போது நூறு பேருக்கு, ஐந்நூறு பேருக்கு என்று அள்ளி விசிறுகிறோம். அந்த ஒருவர் யார் என்று நமக்கு எப்போதும் தெரிவதில்லை. சில சமயம் தெரியும். இவளுக்கு மழைச் சத்தம் பிடிக்கும், இவருக்கு அடிக்கடி தாளம் மாறினால் பிடிக்கும், அவர் சமீபத்தில் அம்மாவை இழந்தவர், இப்போது சத்தமானது எதுவும் வேண்டாம் என்று. தெரிந்திருந்தால் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். பெயர் சொல்லி அனுப்புங்கள். தனக்கென்று வந்த பாட்டைக் கேட்கிற காது வேறு.

என்னுடைய சிரிப்புக்கு வருகிறேன். அன்று அந்தக் குழுவில் பாட்டை முழுசாகக் கேட்டுவிட்டு அடுத்த நாள் தனியாக எனக்கு எழுதியவர் ஒருவர் இருந்தார். "அந்த டிரம்ஸ் வாசிக்கிற பொண்ணு எங்கயும் நிறுத்தவேயில்லை, கவனிச்சீங்களா?" என்று கேட்டிருந்தார். நான் கவனித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகுதான் மறுபடி போட்டேன், அவர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். மேலே நான் எழுதியதெல்லாம் அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். இருபது விநாடியில் சிரித்த ஒன்பது பேரில் நான் ஒருவன். அவர் பத்தாவது ஆள்.

இந்த மடலோடு நானும் ஒன்று அனுப்புகிறேன். நான் கேட்டதை நானே செய்யாமல் விட்டால் சரியில்லை.

எமஹோய் செகே-மரியம் கெப்ரு. எத்தியோப்பியாவில் 1923இல் பிறந்தவர். சின்ன வயதில் சுவிட்சர்லாந்தில் வயலின் படித்தார். இளம் வயதிலேயே துறவறம் பூண்டார். பியானோவில் தானே இசையமைத்து வாசித்தார். 1967இல் வந்த முதல் இசைத்தட்டின் வருமானம் அனாதைப் பிள்ளைகளுக்குப் போனது. வாழ்க்கையின் பிற்பகுதியை ஜெருசலேமில் எத்தியோப்பிய மடம் ஒன்றில் கழித்தார். 'எத்தியோபிக்ஸ்' என்ற எத்தியோப்பிய இசைத்தட்டு வரிசையில் 2006இல் வந்த 21ஆம் தொகுதியால்தான் என்னைப்போன்ற பலருக்கு அவர் அறிமுகம். 2023இல் 99 வயதில் காலமானார். நீங்கள் கேட்க வேண்டியது 'தி ஹோம்லெஸ் வாண்டரர்', வீடில்லாமல் அலைகிறவர்.

எனக்கு நடந்தது இது. தொடங்கியதும் தாளம் எங்கே என்று தேடினேன், விரலால் தொடையில் தட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வலது கை ஒரு வரியைச் சொல்லிவிட்டு, மூச்சு வாங்குவதுபோல நிற்கிறது. எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. இடது கை அந்த இடைவெளியில் தன்பாட்டுக்கு உருண்டு வந்து அடுத்த வரியைத் தூக்கிக் கொடுக்கிறது. தட்டுவதை நிறுத்தினேன். அந்த நிற்கும் இடங்களை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். ஐந்து சுர ராகங்களில் பழகிய காதுக்கு அந்த மெட்டு அந்நியமாகத் தோன்றாது, ஆனாலும் நீங்கள் எதிர்பார்க்கிற சுரத்தில் அது போய் உட்காராது. அந்த வரி ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் கொஞ்சம் வேறு மாதிரி வருகிறது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள், வேலை செய்துகொண்டே வேண்டாம்.

வலது கை எந்த இடத்தில் உங்களுக்காக நின்றது என்று எனக்கு எழுதுங்கள். அப்புறம் உங்களுடையது ஒன்றை அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல ராத்திரியில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன்